செபஸ்தியாரிடம் ஒப்படைத்த கயிறு

இது நடந்தது. இட்டுக்கட்டிச் சொல்வதானால் இன்னும் அழகாகச் சொல்லியிருப்பேன். நம்பாதவர்கள் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி, மோட்டார் மெக்கானிக் ஜாபஸ் கடை எங்கே என்று கேட்கலாம். காட்டுவார்கள். கடையில் உட்காரலாம், டீ வாங்கிக் கொடுப்பான், நன்றாகப் பேசுவான். கிணற்றைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

பேய் என்றால் அமாவாசை, நடுநிசி, நாய் ஊளை என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் இங்கே கிடையாது. ஜனவரி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மெயின் ரோட்டில் டிபன் கடைக்காரர்கள் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் முழித்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. என்னை இன்றைக்கும் பயமுறுத்துவது அதுதான்.

ஜாபஸுக்கு முப்பத்தெட்டு வயது. கிணற்று மோட்டார், போர் மோட்டார், ஓவர்ஹெட் டேங்க் லைன் எல்லாம் பார்ப்பான். கைவேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் பெந்தெகொஸ்தே சபை. சுரூபம் என்கிற சிலை கிடையாது, மெழுகுவத்தி கிடையாது, நேராக ஆண்டவரோடுதான் பேச்சு. பெண்டாட்டி ஸ்டெஃபி கத்தோலிக்க வீட்டுப் பெண். காதலித்துக் கட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கொரு பக்கம் போவார்கள், மத்தியானம் ஒரே பிரியாணியில் சேர்ந்துகொள்வார்கள். ஒரே பெண், ஜாஸ்லின். ஏழு வயது. பல வருஷம் காத்திருந்து, எத்தனையோ ஆஸ்பத்திரி படியேறிப் பெற்ற பிள்ளை. ஜாபஸுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால், அந்தப் பெண்ணுக்கு உடம்புக்கு வருவதுதான். அவள் ரெண்டு தும்மல் தும்மினால் இவன் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடிவருவான்.

ஸ்டெஃபியின் தாய்வீட்டுக் காலனி ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதன் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் பெண் எடுக்கிறார்கள், பெண் கொடுக்கிறார்கள். காலனியில் செபஸ்தியாருக்கு ஒரு சின்னக் கோயில், கோயிலுக்கு முன்னால் செங்கல் வைத்துக் கட்டிய வட்டக் கிணறு. புதுமைக் கிணறு, அதாவது அற்புதக் கிணறு, என்பார்கள். ஒரு காலத்தில் வாந்திபேதி வந்து ஊர் ஊராகச் செத்துக்கொண்டிருந்தபோது, செபஸ்தியார் சுரூபத்தைச் சுமந்துவந்து இந்தக் கிணற்றடியில் இறக்கினார்களாம். அன்றிலிருந்து இந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் ஒருத்தரும் சாகவில்லையாம். இன்றைக்கும் திருவிழாவுக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கிருந்தோ கேனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அந்தக் கிணற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. பகலில் யார் வேண்டுமானாலும் இறைக்கலாம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிப்பதற்குள் கயிற்றைக் கிணற்றைவிட்டு எடுத்துவிட வேண்டும். எடுத்து மூலையில் சுருட்டிப் போட்டால் போதாது. செபஸ்தியாரை மரத்தில் கட்டி அம்பெய்த கோலத்தில்தானே சுரூபம் இருக்கும்? அந்தச் சுரூபத்தின் இடுப்பைச் சுற்றி, மரத்தோடு சேர்த்து, கிணற்றுக் கயிற்றைக் கட்ட வேண்டும். விடிந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். ராத்திரியில் அந்தக் கிணற்றுக்குள் கயிறு தொங்கக் கூடாது. ஏன் என்று கேட்டால், திருடன் எடுத்துப் போய்விடுவான் என்பார் ஒருவர். குழந்தைகள் விழுந்துவிடும் என்பார் இன்னொருவர். வழக்கம் என்று வந்துவிட்டால் காரணத்தை யார் தேடுகிறார்கள்?

கயிற்றைக் கட்டுவது லூர்தம்மாள். ஐம்பது வயசு, கட்டுமஸ்தான ஆள். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. ரயிலைப் பிடித்து மூச்சிரைக்க ஓடிவந்து கயிற்றைக் கட்டிவிட்டு மணியடிப்பாள். கோயில் சாவி அவளிடம்தான். அவளுக்குச் செபஸ்தியார்மேல் உயிர். அவர் செய்கிற ஒரு புதுமையைத் தினமும் கண்ணால் பார்ப்பதாகச் சொல்வாள்.

"நான் சும்மா லூசாத்தான் முடிச்சு போடுவேன் ஜாபஸு. காலைல வந்து பாரு... எலும்ப நெரிக்கிற மாதிரி இறுகிக்கினு இருக்கும். அவுக்கறதுக்குள்ள நகமே பேந்துடும். ராத்திரி பூரா செபஸ்தியாரு புடிச்சிகினு கீறாருன்னு அர்த்தம்."

"கயிறு ஈரத்துல இறுகும்க்கா. இதுக்குப் போயி அவர ஏன் தொந்தரவு பண்ற?" என்று ஜாபஸ் சிரிப்பான்.

அந்த வருஷம் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் கோயில் கமிட்டி ஒரு முடிவெடுத்தது. கூட்டம் தாங்கவில்லை, வாளியில் இறைத்து மாளவில்லை, கிணற்றுக்கு மோட்டார் வைத்துக் குழாய் போட்டுவிடலாம் என்றார்கள். வேலை ஜாபஸுக்கு வந்தது. மாமியார் ஊர் வேலை, கேட்க வேண்டுமா? மோட்டாரோடும் கூட்டாளி சம்பத்தோடும் மத்தியானமே போய் இறங்கிவிட்டான்.

சம்பத் திருமழிசைக்காரன். எந்தக் கிணற்றைக் கண்டாலும் முதலில் எட்டிப் பார்த்து ஆழம் சொல்வான். அன்றைக்கு எட்டிப் பார்த்தவன் ஆழம் சொல்லவில்லை.

"மச்சான், இங்க வா. இத்தப் பாரு."

பழைய கிணறுகளில் ஆள் இறங்கி ஏற, உள்சுவரில் இருந்து கருங்கல் துண்டுகள் படிமாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கிணற்றிலும் இருந்திருக்கிறது. ஆனால் மேலேயிருந்து டார்ச் எட்டுகிறவரைக்கும் ஒரு கல்கூட முழுசாக இல்லை. எல்லாம் சுவரோடு சுவராக உடைந்திருந்தது.

"தானா உடையலடா. அடி மேலேர்ந்து உழுந்துகீது. எவனோ கடப்பாரையால வேல மெனக்கெட்டு உடைச்சிருக்கான்," என்றான் சம்பத்.

"பசங்க எறங்கிடப் போறாங்கன்னு உடைச்சிருப்பாங்க. மோட்டார எடு," என்றான் ஜாபஸ்.

கறுப்பு ஓஸ் பைப்பை மோட்டாரில் மாட்டினார்கள், கேபிளைச் சேர்த்துக் கட்டினார்கள். மோட்டாரின் கனத்தை ஓஸ் தாங்கக் கூடாது, கயிறுதான் தாங்க வேண்டும். அது தொழில். நல்ல நீல நைலான் கயிற்றைப் போட்டு இறக்கி, அதன் மேல்முனையை ராட்டினம் மாட்டியிருந்த இரும்புச் சட்டத்தில் கட்டினார்கள். ஓஸைக் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் வைத்து இறுக்கினான் ஜாபஸ். ஸ்விட்சைப் போட்டதும் தண்ணீர் பீறிட்டு வந்தது. காலனியே கை தட்டியது. ஸ்டெஃபி சொல்லி அனுப்பியபடி முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டான்.

ஆறு மணிக்குள் லூர்தம்மாள் வந்தாள். வாளியைக் கழட்டினாள். பழைய கயிற்றைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய்ச் செபஸ்தியாரைச் சுற்றிக் கட்டினாள். மணியடித்தாள். ஒரு வழக்கமும் தவறவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

ஜாபஸ் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வருவதற்குள் ஜாஸ்லின் பாட்டிலில் பாதியைக் குடித்திருந்தாள்.

"டாடி, இன்னும் வேணும்."

மீதியையும் குடித்தாள். பிறகு கேன் தண்ணீர் ஒரு சொம்பு. பிறகு இன்னொரு சொம்பு. இப்படிக் குடிக்கிற பெண் இல்லை அவள், பின்னாலேயே போய்க் கெஞ்ச வேண்டும். ஸ்டெஃபி புருஷனைப் பார்த்தாள். அவன் சொம்பைப் பிள்ளை கையிலிருந்து வாங்கி வைத்தான்.

ஏழு மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. குடித்த தண்ணீர் அத்தனையும் அப்படியே வந்தது. பிறகு வயிற்றுப்போக்கு. அரைமணி நேரத்தில் பிள்ளையின் கண் உள்ளே போய்விட்டது. வாரி எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்கு ஓடினார்கள். டாக்டரம்மா ட்ரிப்ஸ் ஏற்றினாள். வெளியே என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள். எதுவும் இல்லை. கிணற்றுத் தண்ணீர் என்று சொல்ல ஸ்டெஃபிக்கு வாய் வரவில்லை. அது செபஸ்தியார் தண்ணீர் அல்லவா?

கொஞ்ச நேரம் அடங்கிக் கிடந்தாள் ஜாஸ்லின்.

பிறகு கண்ணைத் திறந்தாள். நேராக மேலே பார்த்தாள்.

"மேல யாரு?"

"யாரும் இல்லடா தங்கம். ஃபேன் சுத்துது."

"மேல யாருனா கீறீங்களா...?"

குரல் அவளுடையதுதான். ஆனால் தூரத்தில் இருக்கிறவர்களைக் கூப்பிடுகிற மாதிரி இழுத்துக் கூப்பிட்டாள். ஸ்டெஃபி அவள் நெற்றியில் சிலுவை போட்டாள். ஜாபஸ் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்ஷீட்டைப் பிடித்திருந்தாள். வலது கை இறுகியது, இடது கை தளர்ந்தது. இடது கை இறுகியது, வலது கை தளர்ந்தது. மாறி மாறி... நிற்கவே இல்லை.

"கவுறு போடுங்க," என்றாள்.

அவள் இங்கிலீஷ் மீடியம். ரோப் என்பாள். கவுறு என்று அவள் வாயிலிருந்து இதுவரைக்கும் வந்ததே இல்லை.

அப்போது போன் அடித்தது. எட்டு மணி ஐந்து நிமிஷம். லூர்தம்மாள்.

"ஜாபஸு, மோட்டார் ஓடிகினு கீதா இன்னா?"

"இல்லியே. மெயினே ஆஃப் பண்ணிட்டுத்தான் வந்தேன்."

"இங்க கரண்டும் இல்ல தம்பி. ஆனா கிணத்துல சத்தம் வருது. ராட்டினச் சட்டம் கிறீச்சு... கிறீச்சுங்குது. யாரோ தண்ணி எறைக்கிற மாதிரி."

"உன் கயிறு எங்க?"

"நான்தான் எடுத்து கட்டிட்டனே! கிணத்துல கயிறே இல்லியே!"

ஜாபஸ் எழுந்துவிட்டான். இருக்கிறது. கிணற்றுக்குள் கயிறு இருக்கிறது. அவனே கட்டினான். நீலக் கயிறு. மோட்டார் சாமான் என்று அதை ஒருத்தருமே கயிறாக நினைக்கவில்லை.

"புள்ளய இப்டி போட்டுட்டு எங்கங்க போறீங்க?" என்று ஸ்டெஃபி கத்தினாள்.

"இதோ வந்துட்றேன். அவ கையப் புடிச்சிகினே இரு. உடாத."

கிளினிக்கிலிருந்து காலனிக்கு வண்டியில் பத்து நிமிஷம். ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டே போனான். பாதி வழியில் செபஸ்தியாரையும் கூப்பிட்டான். பிள்ளை அப்படிக் கிடக்கும்போது எந்தச் சபை, எந்தக் கோயில்? ரயில்பாதைக்கு இந்தப் பக்கம் வெளிச்சம் ஜெகஜ்ஜோதியாக இருந்தது. அந்தப் பக்கம் காலனி மட்டும் இருட்டு.

லூர்தம்மாள் கோயில் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே போகவில்லை.

"செபஸ்தியாரப் பாரு," என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

செல்போன் டார்ச்சை அடித்தான். சுரூபத்தைச் சுற்றிய கயிறு நரம்பு மாதிரி விறைத்திருந்தது. கட்டி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. முடிச்சு கல்லாகியிருந்தது. கயிற்றின் முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுரூபம் பீடத்தில் நேராக இல்லை. கிணற்றுப் பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது.

கிறீச்...

வெளியே ஓடிவந்தான். இரும்புச் சட்டத்தில் நீலக் கயிறு ஆடியது.

கிறீச்...

கயிற்றை வெளியே எடுத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவன் மண்டையில் இருந்தது. செல்போனைச் சுவர்மேல் வைத்தான். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

மோட்டாரின் கனம் அவனுக்குத் தெரியும். மத்தியானம்தான் சம்பத்தும் அவனும் தூக்கினார்கள். இது அந்தக் கனம் இல்லை. மூன்று மடங்கு இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முழம் இழுத்தான். இன்னொரு முழம்.

அப்போதுதான் கையில் உறைத்தது.

சாமான் தொங்கினால் கயிறு சும்மா இருக்கும். இந்தக் கயிறு சும்மா இல்லை. ஒரு இழுப்பு. ஒரு தளர்வு. ஒரு இழுப்பு. ஒரு தளர்வு. வலது கை. இடது கை.

ஜாஸ்லின் பெட்ஷீட்டைப் பிடித்த மாதிரியே.

இவன் இழுக்கவில்லை. ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து, ரொம்பக் கிட்டத்திலிருந்து, தொண்டை வறண்ட குரல் ஒன்று வந்தது.

"நைனா... இழு."

செல்போன் அடித்தது. ஸ்டெஃபி. எடுக்கக் கை இல்லை. விரலால் தள்ளி ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏங்க! ஃபிட்ஸ் வந்துச்சுங்க! கண்ணு மேல சொருகுதுங்க!"

பேன்ட் பாக்கெட்டில் வயர் சீவுகிற கத்தி இருந்தது. ஒரு கையால் எடுத்தான். அறுத்தான். நைலான் சட்டென்று அறுபடாது. அறுத்தான்... அறுத்தான்...

"இழு நைனா..."

விட்டது.

கயிறு கையைச் சுட்டுக்கொண்டு கிணற்றுக்குள் போனது. தொப்பென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

லூர்தம்மாள் கேட்டருகே மண்டியிட்டிருந்தாள். அவள் ஜெபிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஸ்டெஃபி... ஸ்டெஃபி, கேக்குதா? பாப்பா எப்டி கீறா?"

போனில் அழுகை. அப்புறம்தான் அது சந்தோஷத்தில் அழுகிற அழுகை என்று புரிந்தது.

"நின்னுடுச்சுங்க... இப்பதாங்க... கண்ணத் தொறந்துட்டா. என்னப் பாத்து சிரிக்கிறா. மாதாவே..."

ஜாபஸ் கிணற்றுச் சுவரிலேயே சாய்ந்துவிட்டான். அவனும் அழுதான்.

"ஏங்க," என்றாள் ஸ்டெஃபி. "இன்னாவோ சொல்றா. எனக்குப் புரில."

"இன்னா சொல்றா?"

"அப்பா கவுத்த அறுத்துட்டாருன்றா."

அவன் கையிலிருந்த கத்தியைப் பார்த்தான்.

"அப்புறம்... 'பரவால்ல, பைப்பு கீதே'ன்றா. இன்னா பைப்புங்க?"

அவன் முதுகுக்குப் பின்னால், கிளாம்ப் அசைந்தது.

டக்.

அவனே ஸ்பேனர் போட்டு இறுக்கிய கிளாம்ப்.

டக்... டக்...

கறுப்பு ஓஸ் விறைத்துக்கொண்டது.

டக்... டக்... டக்...

திரும்பிப் பார்க்கவில்லை. லூர்தம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். அவளை வண்டியில் ஏற்றினான். கிளினிக் வாசலில்தான் வண்டி நின்றது. செல்போனைச் சுவர்மேலேயே விட்டுவிட்டு வந்தது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

ஜாஸ்லின் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு விழித்தாள். எதுவும் ஞாபகம் இல்லை. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டாள். ஜாபஸ் விடியும்வரை பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை. ஸ்டெஃபி என்ன என்று கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

மறுநாள், நன்றாக வெயில் ஏறிய பிறகு, சம்பத்தைக் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனான். செல்போன் வைத்த இடத்திலேயே இருந்தது. ஓஸ் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் துணியால் துடைத்து இறக்கிய புது ஓஸ். இப்போது தண்ணீர் மட்டத்திலிருந்து மேல்விளிம்புவரை சகதி அப்பியிருந்தது. கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் சகதி. மேல்பக்கம் சகதி. சுவரின் வெளிப்பக்கத்திலும் இருந்தது.

"ராத்திரி எவனாவது கிணத்துல எறங்குனானா மச்சான்?" என்று கேட்டான் சம்பத்.

ஜாபஸ் கிளாம்பைக் கழற்றினான். மோட்டாரைத் தூக்கினார்கள். ஓஸ், கேபிள், நீலக் கயிறு எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். தண்ணீரால் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று கேள்விப்பட்ட கமிட்டிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். திருவிழா பழையபடி வாளியிலேயே நடந்தது.

அவர்கள் மோட்டாரை வண்டியில் ஏற்றும்போது ஒரு அம்மா வந்து நின்றாள். வேம்புலியம்மாள். காலனிக்குப் பின்தெரு. திருமழிசை எஸ்டேட்டில் கம்பெனியைப் பெருக்கித் துடைக்கிற வேலை. கோயில்காரர்கள் யாரும் இல்லையே என்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"ராத்திரி பூரா கயிறு உள்ளயே இருந்துச்சாமே தம்பி?"

"ஆமாம்மா."

"இவுங்க பேதி கதைய உனுக்கு சொல்லியிருப்பாங்க. எங்க ஊட்ல அத்த வேற மாதிரி சொல்லுவாங்க." கிணற்றுப் பக்கம் கை காட்டினாள். "அப்ப தண்ணி கெட்டுப்போச்சுன்னு தூர் வார்றதுக்கு எங்க ஆளு ஒருத்தர எறக்குனாங்க. முனியன்னு பேரு. எங்க பூட்டனுக்கு அண்ணன். நடு வேலைல, உள்ளயே அவருக்கு வாந்தி வந்துடுச்சு. மேல நின்னவனுங்க பாத்துட்டு, பேதி நமக்கும் ஒட்டிக்கும்னு கவுத்த இழுத்துக்கினானுங்க. அவர ஏத்தல. வெறுங்கவுத்த."

"படிக்கல்லு இருந்திருக்குமேம்மா," என்றான் சம்பத்.

"இருந்துச்சு. அதப் புடிச்சி ஏறுனாரு. கடப்பாரைய எடுத்தாந்து ஒவ்வொண்ணா உடைச்சானுங்க."

மூன்று பேரும் கிணற்றைப் பார்த்தார்கள்.

"விடிய விடிய கூப்டுகினே இருந்தாராம். மேல யாருனா கீறீங்களா, கவுறு போடுங்கன்னு. அந்தக் கவுத்தக் கொண்டுபோயி அந்தச் சாமி மேல கட்டுனாங்க. விடிஞ்சப்ப சத்தம் நின்னுடுச்சு. அதுக்கப்புறம் பேதியும் நின்னுடுச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பாவம். அவரு ஊட்டுக்கு வரணும்னுதான் கேட்டாரு. ஆனா இப்ப வந்தா... அவரு ஊடு எங்க கீது? அடையாளமே இல்லியே. எங்க போவாரு?"

ஜாபஸ் வீட்டுக்குப் போய்க் காய்ச்சலில் படுத்தான். அதற்குப் பிறகு அந்தக் காலனிப் பக்கமே போகவில்லை. மாமியாரைப் பார்க்க ஸ்டெஃபிதான் போய் வருவாள். ஜாஸ்லினுக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகப் படிக்கிறாள். பிள்ளையைச் செபஸ்தியார்தான் காப்பாற்றினார் என்று ஸ்டெஃபி ஒன்பது நாள் நவநாள் ஜெபம் செய்தாள். ஜாபஸும் அப்படித்தான் நம்பப் பார்த்தான். அவரா காப்பாற்றினார், இல்லை, வெளியே வர வேறு வழி கிடைத்துவிட்டது என்று அது பிள்ளையை விட்டுவிட்டதா? இதை நினைக்காமல் இருக்க அவன் படாத பாடு பட்டான்.

ஈஸ்டர் முடிந்து ஒரு நாள் சாயங்காலம், லூர்தம்மாள் ரிப்பேரான மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். மிக்ஸியை மேஜைமேல் வைத்துவிட்டு, அதன் வயரைச் சுருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?"

"மனசுதான் சரியில்ல ஜாபஸு." கண் கலங்கியது. "தெனமும் கயித்தக் கட்டிகினுதான் கீறேன். ஒரு நாள் தவறல. ஆனா அன்னிலேர்ந்து... காலைல போயிப் பாத்தா, முடிச்சு நான் போட்டபடியே கீது. லூசா. ஒரு விரலால இழுத்தா அவுந்துடுது."

ஜாபஸ் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"எங்கம்மா காலத்துலேர்ந்து ஒரு ராத்திரிகூட இப்டி ஆனதில்ல. நாங்க இன்னா பாவம் பண்ணோம்? செபஸ்தியாரு எங்கள உட்டுட்டுப் போய்ட்டாரா?"

வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. எதிர்வீட்டுச் சுவரில் மாடிவரைக்கும் ஓடுகிற தண்ணீர்க் குழாயை ஜாபஸ் பார்த்தான். பிறகு அதற்கடுத்த வீட்டுக் குழாயைப் பார்த்தான்.

"இல்லக்கா," என்றான். "அவரு அங்கதான் கீறாரு. பயப்படாத."

அவளுக்காகச் சொன்ன பொய் இல்லை அது. செபஸ்தியார் எங்கேயும் போகவில்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறார். போனது அவர் இல்லை.